குரோஸ்டினி: ரொட்டியை வாட்டுவதிலிருந்து தொடங்குவோம்

இத்தாலியில் விருந்துக்கு உட்கார்ந்தவுடன் முதலில் வரும் தட்டுக்கு ஆன்டிபாஸ்டோ என்று பெயர். 'பாஸ்டோ' என்பது சாப்பாடு. 'ஆன்டி' என்பது அதற்கு முன்னால் வருவது. டஸ்கனி மாநிலத்துச் சிறிய உணவகங்களில் அந்தத் தட்டில் தவறாமல் இடம்பெறுபவை குரோஸ்டினி எனப்படும் சின்னஞ்சிறு ரொட்டித் துண்டுகள். ரொட்டியின் மேலோட்டை இத்தாலியர்கள் 'குரோஸ்டா' என்கிறார்கள். அதைச் செல்லமாகச் சுருக்கிய 'குரோஸ்டினோ' என்ற சொல்லின் பன்மைதான் குரோஸ்டினி. ரொட்டியை மெல்லியதாக நறுக்கி, மொறுமொறுப்பாக வாட்டி, மேலே கோழி ஈரல் விழுதோ வெள்ளை பீன்ஸ் மசியலோ தக்காளியோ சிறிதளவு வைத்து, இரண்டு கடியில் தின்று முடிக்கும் அளவில் பரிமாறுவார்கள்.

இதைக் கற்றுக்கொள்ள வருபவர்கள் எல்லோரும் மேலே என்ன வைப்பது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதன்முதலாகச் செய்த நாளில் தக்காளியைப் பொடியாக நறுக்கி, பேசில் இலையைக் கிள்ளிப் போட்டு, விருந்தினர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே முப்பது துண்டுகளையும் தட்டில் அடுக்கி வைத்துவிட்டேன். முதல் துண்டை ஒருவர் கையில் எடுத்தபோது அது நடுவில் தொய்ந்து, தக்காளி முழுவதும் மேசை விரிப்பில் விழுந்தது. அவர் விரல்களுக்கு இடையே மேலோட்டு வளையம் மட்டும் மிஞ்சியது. அதன் பிறகு என் கவனத்தில் முக்கால் பங்கு ரொட்டிக்கும் நேரத்துக்கும் போய்விட்டது. இந்தக் குறிப்பும் அந்த வரிசையிலேயே செல்கிறது.

பெயர்களைப் பற்றிச் சில வார்த்தைகள்

குரோஸ்டினியையும் புருஸ்கெட்டாவையும் பலர் ஒன்றாகக் கருதுகிறார்கள். இரண்டும் வாட்டிய ரொட்டிதான் என்றாலும் அளவும் வாட்டும் முறையும் வேறு. புருஸ்கெட்டா என்பது உள்ளங்கை அகலத்தில், ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் தடிமனில் வெட்டிய நாட்டு ரொட்டியைத் தணலில் வாட்டி, பூண்டு தேய்த்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றுவது. ரோம் வட்டார வழக்கில் 'புருஸ்காரே' என்றால் தணலில் வாட்டுதல். பெயர் அங்கிருந்து வந்தது. அதைப் 'புருஷெட்டா' என்று உச்சரிப்பவர்கள் ஏராளம். ஆனால் இத்தாலிய எழுத்து முறைப்படி அந்த இடத்தில் 'க' ஒலிதான் வரும். டஸ்கனியில் இதே பண்டம் ஃபெட்டுன்டா ஆகிவிடுகிறது. 'ஃபெட்டா' என்றால் துண்டு, 'உன்டா' என்றால் எண்ணெயில் நனைந்தது. ஆலிவ் அறுவடை முடிந்து நவம்பர் வாக்கில் புது எண்ணெய் ஆட்டி வந்ததும், அதன் காரத்தையும் பச்சை வாசனையையும் சோதித்துப் பார்க்க ஃபெட்டுன்டாவைவிடப் பொருத்தமான கருவி அவர்களுக்கு வேறில்லை. குரோஸ்டினி இவற்றைவிடச் சிறியது, மெல்லியது. அளவில் பெரிதாக்கி ஒரு வேளைப் பசியை ஆற்றும்படி செய்தால் அதன் பெயர் குரோஸ்டோனே.

எந்த ரொட்டி, எத்தனை நாள் பழையது

டஸ்கனி ரொட்டியில் உப்பே கிடையாது. வெளியூர்க்காரர்கள் முதல் வாய் தின்றதும் திகைத்துப்போகும் அளவுக்கு அது சப்பென்றிருக்கும். உள்ளூர்ப் பேச்சில் அதற்கு 'பானே ஷொக்கோ' என்று பெயர். 'ஷொக்கோ' என்ற சொல் உப்பில்லாதது, அசடு என்ற இரண்டு பொருளையும் தரும். பீசா நகரத்தார் ஒரு காலத்தில் உப்பு வரத்தை மறித்ததால் வந்த பழக்கம் இது என்று ஒரு கதை அங்கே வழங்குகிறது. கதை எப்படியிருந்தாலும், 2016-இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்த ரொட்டிக்குப் பாதுகாக்கப்பட்ட பிறப்பிடப் பெயர் என்ற தகுதியை வழங்கியது. சமையலுக்கு இதில் ஒரு முக்கியமான செய்தி உண்டு. டஸ்கனியின் மேற்பூச்சுகளில் உப்பிட்ட நெத்திலியும் கேப்பர் மொட்டும் பதப்படுத்திய இறைச்சியும் தாராளமாக இருப்பதற்குக் கீழே இருக்கும் ரொட்டியில் உப்பில்லாததும் ஒரு காரணம். நீங்கள் உப்புள்ள ரொட்டியில் செய்வதானால் மேற்பூச்சில் உப்பைக் குறைக்க வேண்டும். சமையல் குறிப்பில் எழுதியிருக்கும் அளவை அப்படியே போட்டுவிட்டுக் கரிக்கிறதே என்று வருந்துபவர்கள் இதைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள்.

டஸ்கனி ரொட்டி கிடைக்காதபோது மாவு, நீர், ஈஸ்ட் அல்லது புளித்த மாவு, உப்பு ஆகியவை மட்டும் சேர்ந்த நீள வடிவ ரொட்டி எதுவும் போதும். உட்பகுதியில் துளைகள் சிறியனவாக இருக்க வேண்டும். சியாபட்டா போன்ற பெருந்துளை ரொட்டி தின்பதற்குச் சுவையானது, ஆனால் தக்காளிச் சாறு அந்தத் துளை வழியே நேராகச் சட்டையில் இறங்கும். தெற்கே பூலியா மாநிலத்தில் அல்டமூரா ஊரின் ரவை ரொட்டி, கெட்டியான மேலோடும் மஞ்சள் நிற உட்பகுதியும் கொண்டு பல நாள் தாங்குவதால், இந்த வேலைக்கு மிகவும் ஏற்றது. பாலும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் மென்மையான சாண்ட்விச் ரொட்டியைத் தவிர்த்துவிடுங்கள். சர்க்கரை சீக்கிரம் சிவந்து மேற்புறம் பார்வைக்குத் தயாராகிவிடும். உள்ளே பஞ்சாகவே இருக்கும்.

அன்று சுட்ட ரொட்டியைவிட ஒரு நாள் பழைய ரொட்டியே நல்லது. புது ரொட்டி கத்திக்கு அடியில் நசுங்கும். உள்ளே ஈரம் மிகுந்திருப்பதால் வாட்டும்போது முதல் சில நிமிடங்கள் நீராவியை வெளியேற்றுவதிலேயே போய்விடும். ரொட்டி பழையதாகும்போது நடப்பது வெறும் ஈரம் உலர்வது என்று நினைக்கிறோம். உண்மையில் அதன் மாவுச்சத்து மெல்ல மெல்ல மறுபடியும் படிகமாகி இறுகுகிறது. குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலையில்தான் இந்த இறுக்கம் மிக வேகமாக நடக்கிறது என்பதால் ரொட்டியை அங்கே வைப்பது நல்லதல்ல. துணியில் சுற்றி வெளியே வையுங்கள். நாள் தள்ளுமென்றால் நறுக்கி உறைநிலைப் பெட்டியில் போட்டு, தேவைப்படும்போது உறைந்த நிலையிலேயே வாட்டிக்கொள்ளுங்கள்.

நறுக்குவதற்கு ரம்பப் பல் கத்தி வேண்டும். கத்தியை அழுத்தாமல் முன்னும் பின்னும் நீளமாக இழுத்து, ரொட்டியின் குறுக்கே நேராக அல்லாமல் சாய்வாக வெட்டினால் மெல்லிய ரொட்டியிலிருந்தும் விரல் நீளத் துண்டுகள் கிடைக்கும். தடிமன் ஒரு சென்டிமீட்டர். அதைவிடக் குறைந்தால் மேற்பூச்சின் பாரம் தாங்காமல் முறியும். மிகுந்தால் கடிக்கும்போது மேலே இருப்பது பின்பக்கமாக வழுக்கி விழும். சாப்பாடு பின்னால் வருவதால் ஒருவருக்கு மூன்று அல்லது நான்கு துண்டுகள் போதும்.

வாட்டுதல்

ரொட்டி சிவப்பதும் மணப்பதும் அதிலுள்ள புரதமும் சர்க்கரையும் சூட்டில் இணைந்து நிகழ்த்தும் வினை. 1912-இல் அதை விவரித்த பிரெஞ்சு விஞ்ஞானி லூயி கமீல் மையார் பெயராலேயே அது இன்றும் அழைக்கப்படுகிறது. இந்த வினை சுறுசுறுப்பாக நடக்க ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். ஈரம் இருக்கும் வரை ரொட்டியின் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. எனவே முதலில் உலர்த்தல், பிறகுதான் சிவத்தல். சூடு மிக அதிகமானால் மேற்பரப்பு மட்டும் உலர்ந்து கருகி, நடுப்பகுதி மெத்தென்று நிற்கும். மிகக் குறைந்தால் துண்டு முழுவதும் சிவக்காமலே காய்ந்து, மேலண்ணத்தைக் கீறும் ரஸ்க்காக மாறிவிடும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நிலைதான் நமக்கு வேண்டியது: வெளியே மொறுமொறுப்பு, மையத்தில் மிகச் சிறிய நெகிழ்வு.

ஓவனில் செய்வதுதான் எண்ணிக்கை மிகுந்தால் வசதி. ஓவனை 190 டிகிரிக்குச் சூடாக்கி, துண்டுகளைத் தட்டில் நேரடியாகப் பரப்பாமல் கம்பி அடுக்கின் மேல் பரப்புங்கள். அடியிலிருந்தும் நீராவி வெளியேற வழி வேண்டும். நடுத்தட்டில் ஐந்து நிமிடம், திருப்பிப் போட்டு மேலும் நான்கைந்து நிமிடம். விசிறி ஓடும் ஓவனாக இருந்தால் 170 டிகிரி போதும். நிமிடக் கணக்கை மட்டும் நம்பாமல் ஒரு துண்டை எடுத்து நகத்தால் தட்டிப் பாருங்கள். ஈரம் மிச்சமிருந்தால் சத்தம் மந்தமாக எழும். பதமாகியிருந்தால் காய்ந்த ஓட்டைத் தட்டியதுபோல் 'டக்' என்று கேட்கும். ஓரம் நல்ல பழுப்பாகவும் நடுவில் பொன்னிறமாகவும் இருக்கும் அந்தக் கட்டத்தில் வெளியே எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் அடுத்த இரண்டு நிமிடத்தில் நிறம் எதிர்பாராத வேகத்தில் ஓடும்.

பத்துத் துண்டுக்குள் என்றால் கனமான இரும்புக் கல்லே போதும். எண்ணெய் விடாமல் மிதமான தீயில் பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் வைத்து, சிறிய மூடியால் அவ்வப்போது அழுத்திக்கொடுத்தால் துண்டு முழுவதும் கல்லைத் தொட்டுச் சீராகச் சிவக்கும். கரியடுப்பு உள்ளவர்கள் கொடுத்துவைத்தவர்கள். சுடர் அடங்கி, கரியின் மேல் வெண்சாம்பல் படர்ந்த பிறகு கம்பி வலை வைத்து வாட்டினால், கோடு கோடாகக் கருகிய இடங்களின் இலேசான கசப்பு எண்ணெயோடு சேர்ந்து தரும் சுவையை ஓவன் ஒருபோதும் தராது.

வாட்டுவதற்கு முன் எண்ணெய் தடவலாமா என்று கேட்டால், மேலே என்ன வரப்போகிறது என்பதைப் பொறுத்தது என்பேன். தக்காளி போல் நீர் விடும் பண்டமாக இருந்தால் மேற்புறத்தில் தூரிகையால் மெல்லியதாக எண்ணெய் தடவி வாட்டுங்கள். எண்ணெய் ஊறிய பரப்பு சாறு உள்ளே இறங்குவதைச் சற்றுத் தாமதப்படுத்தும். வெண்ணெய் சேர்ந்த ஈரல் விழுதுக்கும் கொழுப்பு மிகுந்த இறைச்சிக்கும் ரொட்டியை வெறுமனே வாட்டுவதே சரி. எப்படி வாட்டினாலும் சூடான துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். அவை வியர்த்துத் தங்களைத் தாங்களே நனைத்துக்கொள்ளும்.

பூண்டு

பூண்டுப் பல்லை நறுக்கிப் போடுவதில்லை, தேய்ப்பார்கள். வாட்டிய ரொட்டியின் சொரசொரப்பான பரப்பு துருவியைப் போல வேலை செய்து பல்லின் வெட்டுப்பக்கத்தைச் சீவி எடுத்துக்கொள்கிறது. துண்டு சூடாக இருக்கும்போதே இரண்டு இழுப்பு இழுத்தால் போதும், மணம் ஏறிவிடும். நான்கு முறை தேய்த்தால் பூண்டைத் தவிர வேறு எதுவும் நாக்குக்குத் தெரியாது. ஈரலுக்குப் பூண்டு வேண்டாம். தக்காளி, பீன்ஸ், கீரை ஆகிய மூன்றுக்கும் கட்டாயம் வேண்டும். வடக்கே பியட்மான்ட்டில் பூண்டு தேய்த்து எண்ணெய் விட்ட ரொட்டியைத் திராட்சை அறுவடைக் காலத்தில் திராட்சைப் பழத்தோடு தின்பார்கள்; விசித்திரமாகத் தோன்றினாலும் ஒருமுறை தின்று பார்க்கத் தகுந்த சேர்க்கை.

கோழி ஈரல் விழுது

டஸ்கனியில் அடைமொழி எதுவும் இல்லாமல் குரோஸ்டினி என்று சொன்னால் பெரும்பாலும் இதைத்தான் குறிப்பார்கள். கரும்பழுப்பு நிறத்தால் இதற்குக் 'கறுப்புக் குரோஸ்டினி' என்ற பெயரும் உண்டு. பார்வைக்கு அழகில்லாத பண்டம்தான். ஆனால் நன்றாகச் செய்த ஒரு துண்டில் ஈரலின் ஆழமும் வெங்காயத்தின் இனிப்பும் நெத்திலியின் உப்பும் கேப்பரின் புளிப்பும் ஒன்றன்பின் ஒன்றாக நாக்கில் விரியும். சியெனா பக்கத்தில் ஈரலோடு மாட்டு மண்ணீரலையும் சேர்ப்பார்கள்.

இருபத்துநான்கு துண்டுகளுக்கு 400 கிராம் கோழி ஈரல், நடுத்தர அளவுச் சிவப்பு வெங்காயம் ஒன்று, ஆலிவ் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, வெண்ணெய் 30 கிராம், எண்ணெயில் ஊறிய நெத்திலித் துண்டுகள் மூன்று அல்லது நான்கு, கேப்பர் ஒரு மேசைக்கரண்டி, சேஜ் இலை மூன்று, வின் சான்டோ 100 மில்லிலிட்டர், கோழிச் சாறு ஒரு கோப்பை ஆகியவை தேவை. வின் சான்டோ என்பது அறுவடை செய்த திராட்சையை உலர வைத்துப் பிழியும் டஸ்கனியின் இனிப்பு ஒயின். அது இல்லாவிட்டால் சாதாரண வெள்ளை ஒயின் போதும். மது வேண்டாம் என்பவர்கள் கூடுதலாகக் கோழிச் சாறும் ஒரு தேக்கரண்டி வினிகரும் சேர்க்கலாம். இனிப்புச் சாயல் போய்விடும் என்றாலும் விழுது கெட்டுவிடாது. உப்பில் பதப்படுத்திய கேப்பர் கிடைத்தால் வாங்குங்கள், குறிப்பாகப் பான்டெலேரியாத் தீவிலிருந்து வருவது. அதைப் பத்து நிமிடம் நீரில் ஊறவைத்து, இருமுறை அலசிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

ஈரலைப் பலகையில் பரப்பி, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பாருங்கள். இரண்டு மடல்களையும் இணைக்கும் வெள்ளை நரம்பை வெட்டி எடுத்துவிடுங்கள். எங்காவது பச்சை நிறம் படிந்திருந்தால் அது பித்தம் பட்ட இடம். அதைச் சுற்றிச் சற்றுத் தாராளமாகவே வெட்டி எறிய வேண்டும், ஏனென்றால் நகக்கண் அளவு பித்தம் சட்டி முழுவதையும் கசக்கச் செய்துவிடும். பிறகு தாளில் ஒற்றி ஈரம் போக்குங்கள். ஈரமான ஈரல் வாணலியில் வதங்காது, வேகும்.

அகன்ற வாணலியில் எண்ணெயும் பாதி வெண்ணெயும் விட்டு, பொடியாக நறுக்கிய வெங்காயத்தைச் சிறு தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வதக்குங்கள். சிவக்க விடக் கூடாது. கண்ணாடிபோல் ஆகி, கரண்டியால் அழுத்தினால் குழைய வேண்டும். நெத்திலியைப் போட்டுக் கரண்டியின் பின்புறத்தால் தேய்த்தால் ஒரு நிமிடத்தில் சூடான கொழுப்பில் கரைந்து காணாமல் போகும். மீன் பிடிக்காதவர்கள் இந்தக் கட்டத்தில் முகம் சுளிப்பார்கள். முடிவில் மீன் வாடை தெரியாது, இறைச்சிச் சுவை ஆழமாவது மட்டுமே தெரியும். சேஜ் இலையைச் சேர்த்து, தீயைக் கூட்டி, ஈரலை ஒரே அடுக்காகப் பரப்பி, இரண்டு நிமிடம் கிளறாமல் விட்டுவிடுங்கள். அடிப்புறம் நிறம் மாறியதும் புரட்டி, வின் சான்டோவை ஊற்றி, கிட்டத்தட்ட வற்றும் வரை கொதிக்க விடுங்கள். வாணலியின் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புப் படிவத்தை இந்த நேரத்தில் கரண்டியால் சுரண்டிக் கரைத்துவிட வேண்டும்; சுவையில் பெரும் பங்கு அதில்தான் இருக்கிறது. அரைக் கோப்பைக் கோழிச் சாறு விட்டு, தீயைக் குறைத்து, ஆறேழு நிமிடம் வேகவிட்டு, இருப்பதிலேயே பெரிய ஈரலை எடுத்து நடுவில் பிளந்து பாருங்கள். உள்ளே இரத்தச் சிவப்பு தெரியக் கூடாது. வெப்பமானி இருந்தால் மையத்தில் 74 டிகிரி காட்ட வேண்டும். அதற்கு மேலும் அடுப்பிலேயே விட்டால் ஈரல் மணல்போல் பொடியும்.

சேஜ் இலையை எடுத்துவிட்டு, ஈரலைப் பலகையில் கொட்டி, கேப்பரையும் சேர்த்துக் கொத்துங்கள். அங்கே இதற்கு மெட்ஸலூனா எனப்படும் பிறை வடிவக் கத்தியைப் பயன்படுத்துவார்கள். இரு கைப்பிடியையும் பற்றி ஊஞ்சல்போல் ஆட்டினால் சீராகக் கொத்துப்படும். சாதாரணப் பெரிய கத்தியும் இதைச் செய்யும். மிக்ஸியில் அரைப்பவர்களை நான் குறை சொல்லவில்லை, ஆனால் மாவாக அரைந்த ஈரல் வாயில் பசைபோல் ஒட்டுகிறது. கையால் கொத்தியதில் அங்கங்கே கடிபட ஏதாவது மிஞ்சும். கொத்தியதை மறுபடி வாணலியில் இட்டு, மீதி வெண்ணெயும் இரண்டு மூன்று கரண்டி கோழிச் சாறும் சேர்த்துக் கலக்குங்கள். கரண்டியில் எடுத்தால் குவிந்து நின்று, பிறகு மெதுவாகத் தளர வேண்டும். ஆறினால் இறுகும் என்பதால் இந்த நிலையில் சற்றுத் தளர்வாகவே வைத்துக்கொள்ளுங்கள். உப்பைக் கடைசியாகச் சுவை பார்த்த பிறகே தொட வேண்டும். பெரும்பாலும் தேவைப்படாது.

வாட்டிய துண்டின் ஒரு பக்கத்தை மட்டும் வெதுவெதுப்பான கோழிச் சாற்றில் ஒரு நொடி தொட்டெடுத்து, நனைந்த பக்கத்தில் விழுதைப் பூசுவது ஃபுளோரன்ஸ் வட்டாரத்துப் பழைய முறை. இத்தனை நேரம் ரொட்டியை உலர்த்தச் சொல்லிவிட்டு இப்போது நனைக்கச் சொல்வது முரணாகத் தோன்றலாம். கெட்டியாக வாட்டிய உப்பில்லாத ரொட்டியில் மட்டும் இதைச் செய்யுங்கள். அதுவும் தின்பவர் கையில் கொடுக்கும் நொடியில். மெல்லிய ரொட்டியில் செய்தால் கூழாகும்.

தக்காளி

கோடையில் கொடியிலேயே பழுத்த தக்காளி கிடைக்கும்போது மட்டும் இதைச் செய்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை கிலோ பழத்தை அரை சென்டிமீட்டர் சதுரங்களாக நறுக்கி, அரைத் தேக்கரண்டி உப்புத் தூவி, வடிதட்டில் பதினைந்து நிமிடம் வைத்தால் நீர் தானாக வடியும். விதையைச் சூழ்ந்த கொழகொழப்பான பகுதியை வழித்து எறியச் சொல்லும் குறிப்புகள் பல உண்டு. தக்காளியின் சுவை மிகச் செறிந்திருப்பதே அந்தப் பகுதியில்தான் என்பதால் நான் எறிவதில்லை. கீழே வடிந்த சாற்றில் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு அடித்து, பரிமாறும்போது மேலே சில துளிகள் விடலாம். பேசிலைக் கத்தியால் நறுக்கினால் ஓரம் கறுக்கும். கையால் கிள்ளி, கடைசி நேரத்தில் சேர்க்க வேண்டும். வினிகர் தேவையில்லை. தக்காளியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்தால் அதன் மணம் ஏற்கெனவே பாதி போயிருக்கும்.

பீன்ஸ், கீரை, பன்றிக் கொழுப்பு

பக்கத்து ஊர்க்காரர்கள் டஸ்கனிக்காரர்களை 'பீன்ஸ் தின்னிகள்' என்று கேலி செய்வதுண்டு. கன்னெல்லினி எனப்படும் வெள்ளை பீன்ஸ் 200 கிராமை இரவு முழுவதும் ஊறவைத்து, நீரை மாற்றி, முதல் பத்து நிமிடம் நன்றாகத் தளதளவென்று கொதிக்க விடுங்கள். பீன்ஸில் இயற்கையாக இருக்கும் நச்சுப் பொருள் முறிய அந்தக் கொதி அவசியம். பிறகு இரண்டு பூண்டுப் பல், சேஜ் கொத்து, சிறிது எண்ணெய் சேர்த்து, நீர் அசைவதே தெரியாத அளவுச் சிறு தீயில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் வேகவைக்க வேண்டும். பாதியை முள்கரண்டியால் மசித்து, பாதியை முழுதாக விட்டு, மிளகும் புது எண்ணெயும் சேர்த்துத் துண்டுகளின் மேல் வையுங்கள். இது ரொட்டியை நனைக்காத பண்டம் என்பதால் விருந்தில் பதற்றம் குறையும்.

குளிர்காலத்தில் இதன் துணை கவோலோ நேரோ என்ற கரும்பச்சை இலைக்கோசு. நடுத்தண்டை உருவி எறிந்துவிட்டு, உப்பு நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் வேகவைத்து, பிழிந்து நறுக்கி, பூண்டு தேய்த்த துண்டின் மேல் வைத்து எண்ணெய் ஊற்றினால் முடிந்தது. பிழிவதில் கஞ்சத்தனம் கூடாது.

எல்லாவற்றிலும் எளியது லார்டோ. கராரா சலவைக்கல் மலைகளில் இருக்கும் கொலொன்னாடா கிராமத்தில், பன்றியின் முதுகுக் கொழுப்பை உப்பு, பூண்டு, மிளகு, ரோஸ்மேரியோடு சலவைக்கல் தொட்டிகளில் அடுக்கி, குறைந்தது ஆறு மாதம் பதப்படுத்துகிறார்கள். தாள்போல் சீவிய ஒரு துண்டை ஓவனிலிருந்து எடுத்த ரொட்டியின் மேல் வைத்துவிட்டுப் பாருங்கள். வெள்ளையாக இருந்தது அரை நிமிடத்தில் ஓரத்திலிருந்து கண்ணாடிபோல் மாறி, ரொட்டியின் பள்ளங்களுக்குள் படியும். ரொட்டி ஆறியிருந்தால் இது நடக்காது, அப்போது லார்டோவை வீணாக்காதீர்கள்.

ரோமில் ரொட்டியையும் மொட்ஸரெல்லாவையும் மாற்றி மாற்றிக் கம்பியில் கோத்து ஓவனில் வைத்து, நெத்திலி கரைத்த சூடான வெண்ணெயை மேலே ஊற்றுவார்கள். வெனிஸில் பகாரோ எனப்படும் சிறிய மதுக்கடைகளில், உலர்ந்த காட் மீனை ஊறவைத்து வேகவைத்து எண்ணெய் விட்டு நுரைக்க அடித்த விழுதை ரொட்டியின் மேல் வைத்துத் தருவார்கள். அங்கே இத்தகைய சிறு தீனிகளின் பொதுப்பெயர் சிக்கெட்டி. இவ்விரண்டும் தனித்தனிக் குறிப்பாக எழுத வேண்டியவை.

விருந்து நாளின் நேரக் கணக்கு

ஈரல் விழுதையும் பீன்ஸையும் முந்தைய நாளே செய்து குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடலாம். எண்ணெய் தடவாமல் வாட்டிய ரொட்டியை முழுவதும் ஆறவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் இரண்டு மூன்று நாள் நிற்கும். பரிமாறும் முன் 180 டிகிரி ஓவனில் மூன்று நிமிடம் காட்டினால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். அன்று விருந்தினர் வந்து அமர்ந்த பிறகு ஓவனை ஏற்றி, ஈரலைச் சிறிது கோழிச் சாறு விட்டு மெதுவாகச் சூடாக்கி, தக்காளியை வடியவிட்டு, ரொட்டி வெளியே வந்ததும் பூண்டு தேய்க்கத் தொடங்குங்கள். முதலில் பீன்ஸ், அடுத்து ஈரல், கடைசியில் தக்காளி என்ற வரிசையில் மேற்பூச்சை வைத்தால் மூன்றும் ஒரே நேரத்தில் நல்ல நிலையில் மேசைக்குப் போகும். தக்காளி வைத்த துண்டுக்கு ஐந்து நிமிடமே ஆயுள். ஆகவே ஒரே தட்டில் முப்பதையும் கொண்டுபோகாமல், பத்துப் பத்தாகக் கொண்டுபோங்கள். சமைத்தவர் இரண்டு மூன்று முறை எழுந்து நடக்க வேண்டியிருக்கும். அந்தச் சிரமத்தை நான் தவிர்க்க முயன்றதன் விளைவை மேலே சொல்லிவிட்டேன்.

மிஞ்சிய ஈரல் விழுது மூடிவைத்தால் குளிரில் இரண்டு நாள் தாங்கும். மிஞ்சிய வெறும் ரொட்டித் துண்டுகளைக் கையால் நொறுக்கி, மறுநாள் பீன்ஸ் வேகவைத்த நீரைச் சூடாக்கி அதில் போட்டு, மேலே எண்ணெய் விட்டுச் சாப்பிடலாம்.